அப்பாவுக்கு ஒரு திதி

வடகிழக்கு மலையூரான தவாங்கிலிருந்து உன் தம்பி அனுப்பிய பார்சலைப் பிரித்ததும் வீடெல்லாம் அந்தப் புளிப்பு வாடை. யாக் பாலில் செய்து கல்லாகக் காயவைத்த சுர்ப்பிக் கட்டிகள். கூடவே நாலு வரிக் கடிதம். காய்ச்சலில் நீ போய்விட்டாயாம். உங்கள் மோன்பா இன வழக்கப்படி ஆற்றில் சேர்த்துவிட்டார்களாம். அடிப்பாவி, முப்பதுகூட ஆகவில்லையே உனக்கு.

லாஸ்பேட்டைக் கல்லூரியில் நாம் ஒன்றாகப் படித்தபோது இந்தச் சுர்ப்பியைத்தான் வகுப்பு முழுக்க வாயில் அதக்கிக்கொண்டிருப்பாய். எனக்கும் ஒன்று தந்து, "கடிக்காத, பல்லு போயிடும்" என்பாய்.

சுனாமிக்கு முந்தின வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உன்னை வைத்திக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா வஞ்சிரக் குழம்பு ஊற்றினாள். நீ கையை எடுத்துவிட்டாய். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஏம்மா, எங்க வூட்டு மீனு நாறுதா?"

"அய்யோ, இல்ல அம்மா. எங்க ஊர்ல செத்தவங்கள நூத்தியெட்டுத் துண்டா வெட்டி, ஆத்துல மீனுக்குக் கொடுப்போம். அதனால மீன் தொட மாட்டோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. உன் காலை மிதித்தேன். கடலுக்குப் போன அப்பா திரும்பாமல் இரண்டு வருடம் ஆகியிருந்தது. உடலும் கிடைக்கவில்லை. "மீனுக்கு எரையாப் பூட்டாரே" என்று அம்மா புலம்பாத நாளில்லை. கருமாதி பற்றிப் பேசவந்த சித்தப்பாவை, "உடம்பக் கண்ணால பாக்காம என்னா கருமாதி?" என்று விரட்டியிருந்தாள். இதையெல்லாம் உன்னிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

அம்மா குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். "வெட்டறப்ப அழ மாட்டாங்களா?"

"அழுவாங்க அம்மா. ஆனா தொலைச்சிட்டோம்னு சொல்ல மாட்டாங்க. கொடுத்துட்டோம்னு சொல்லுவாங்க. பசிக்கிற உயிருக்குக் கடைசியாக் கொடுக்கிறது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படகு கவிழ்ந்த சேதி வந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அழுது முடித்து, உனக்கு முட்டை பொரித்துப் போட்டாள். மறுநாள் சித்தப்பாவை அவளே கூப்பிட்டு, "நாளு பாரு தம்பி" என்றாள்.

அப்பா கிளம்பிப் போன நாளையே திதியாக வைத்தோம். அன்று கரையில் நீதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அழுவதற்கென்று ஒரு நாள் கிடைத்த பிறகு, மற்ற நாட்களில் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், பக்கத்து வீட்டோடு பழையபடி சண்டை போடவும் ஆரம்பித்தாள். எங்கள் அம்மாவை எங்களுக்குத் திருப்பித் தந்தவள் நீ. ஒருநாளும் உனக்கு நான் நன்றி சொன்னதில்லை. காலை மிதித்ததற்கு மன்னிப்பும் கேட்கவில்லை.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பார்சலிலிருந்து ஒரு சுர்ப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு போன நாளு எதுன்னு அது தம்பியக் கேட்டு எழுதுடி. நம்ம வூட்ல அதுக்கும் படைக்கணும்."