பூட்டி வைத்த ரெகார்டு

1983 ஆகஸ்ட் 9, செவ்வாய். சித்தூர்.

திருப்பதி பஸ்ஸில் நின்றே வந்ததில் கால் விண்விண் என்கிறது. சாயங்காலம் வந்ததும் அந்தப் பழைய ராக் ரெகார்டைப் போட்டேன். காலேஜ் நாளில் மெட்ராஸில் வாங்கியது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த நைனா, பிசாசுப் பாட்டு என்று அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். போன வாரம்தான், என்ன தோன்றியதோ, சாவியைக் கொடுத்தார்.

அன்று துள்ளவைத்த கிடார் இன்று தலைவலியைத்தான் தந்தது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் ஆர்கன் மட்டும் தனியாக வரும். அது தொடங்கியதும், கண் மங்கிப்போன நைனா நாற்காலியைப் பிடித்து எழுந்து, சர்ச் ஆராதனையில் நிற்பதுபோலத் தலைகுனிந்து நின்றார். ஞானப்பாட்டு என்று நினைத்துவிட்டார் போல. அடுத்து டிரம்ஸ் வந்தால் கூசிப்போவாரே என்று ஊசியைத் தூக்கிவிட்டேன்.

"ஏண்டா எடுத்துட்ட? இனிமேதான மோளம் வரும்" என்றார்.

மறுபடி ஊசியை வைத்தேன். மோளம் வந்தபோதும் அவர் உட்காரவில்லை. விரல் மட்டும் நாற்காலி முதுகில் தட்டிக்கொண்டிருந்தது.

பூட்டாமல் இருந்திருக்கலாம், நைனா.