எலிக்குட்டியைக் குழவி என்ற குற்றம்

அன்பு மகளே, அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் படிக்கும் மருமகனே, ஐந்து திங்களாய் உள்ளிருந்தே எங்கள் பேச்சைக் கேட்கும் பேரப்பிள்ளையே, உங்கள் மூவர் முன்னிலையிலும் என் மீதே நான் குற்றம் சாட்ட வந்திருக்கிறேன். நானும் அப்பாவும் நலம். நீயும் நலமென நம்புகிறேன் என்ற வரியை இம்முறை எழுதக் கை வரவில்லை.

நேற்று மாப்பிள்ளை அழைத்தார். அத்தை, உங்க பொண்ணு மூணு வாரமா வலிப்பு மாத்திரைய உடைச்சுப் பாதிதான் போடுறா, மிச்சத்துக்கு ஏதோ திராட்சை விதைப் பொடியக் கலக்கிக் குடிக்கிறா, ஏன்டின்னு கேட்டா எங்கம்மா மைக்குலயே சொல்லிட்டாங்க, உங்க டாக்டர் என்ன எங்கம்மாவவிடப் பெரியாளான்னு கேக்குறா என்றார். சிரித்துக்கொண்டே தொடங்கியவர், முந்தாநாள் பாத்திரம் கழுவிட்டு இருந்தவ அப்படியே நின்னுட்டா, தண்ணி ஓடுது, கண்ணு தெறந்திருக்கு, கூப்பிட்டா பதிலில்ல என்று சொல்லும்போது அழுதுவிட்டார். ஒன்பது வயதில் முதன்முதலாய் வலிப்பு வந்து பள்ளிப் படிக்கட்டில் நீ விழுந்த நாள் என் முன்னே வந்து நின்றது.

மகளே, மகளிர் நலக் கூட்டத்தில் சங்கத் தலைவியாக நான் முழங்கியதும் உண்மை, பெருமை தாளாமல் அந்தப் பதிவை உனக்கு அனுப்பியதும் உண்மை. கருவுற்ற காலத்து வலிப்பு மருந்தால் மூளைக்கு நேரும் கேட்டை விதைகளிலும் பழத்தோல்களிலும் உள்ள உயிர்வளியேற்றத் தடுப்பான்கள், கடையில் ஆன்டிஆக்சிடன்ட் என்று ஒட்டி விற்கும் அந்தப் பொருள்கள், பெருமளவு தடுத்தன என்றேன். எவருடைய மூளைக்கு என்பதில்தான் தவறினேன். நான் படித்த ஆய்வு எலிக்குட்டிகளின் மீது செய்தது. குட்டி என்ற சொல் மேடைக்கு மிக எளிமையாகப்பட்டதால், மனிதப் பிள்ளைக்கு மட்டுமன்றி விலங்கின் குட்டிக்கும் பழந்தமிழில் வழங்கும் சொல்தானே என்று குழவி என்றேன், அதற்கு முன்னால் இருக்க வேண்டிய எலியையும் ஓசைக்காக விழுங்கிவிட்டேன். கண்புரை நீங்கி இப்போது எல்லாவற்றையும் படிக்கும் உன் அப்பா அந்த ஆய்வுத் தாளை எடுத்து, இதுல எலின்னுல்ல போட்டிருக்கு, நீ குழவின்னதும் பாதிப் பேரு குளவி வந்துருச்சுன்னு அண்ணாந்து பாத்தாங்க, மீதிப் பேரு நம்ம பொண்ணு மாதிரி நம்பிட்டாங்க என்றார். நாற்பதாண்டு மேடையில் இப்படி ஓர் அடி நான் வாங்கியதில்லை.

அந்த மாத்திரை பிள்ளையைத் தாக்குமோ என்ற உன் அச்சத்தை நான் எள்ளவில்லை. சில வலிப்பு மருந்துகள் கருவைத் தாக்கும் என்பது மெய். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், ஆனால் அதை உன் குருதியைச் சோதித்து மருத்துவர் செய்ய வேண்டும், அடுக்களைக் கத்தி செய்யக் கூடாது. நீ வலிப்பில் விழுந்தால் உன்னோடு சேர்ந்து விழுவது அந்தப் பிள்ளையும்தான். எலிக்குட்டிக்கு உதவிய பொருள் மனிதப் பிள்ளைக்கு உதவுமா, எவ்வளவு தரலாம், உன் மருந்தோடு அது மோதுமா என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நாளை ஆராய்ந்து சொல்லட்டும், கைதட்டி வரவேற்கிறேன். அதுவரை என் பேரப்பிள்ளை எவருடைய ஆய்வுக்கூடமும் அன்று.

வரும் ஞாயிறு அதே மேடையில் ஏறி, எலிக்குட்டி எலிக்குட்டி என்று அனைவர் காதிலும் விழச் சொல்லப்போகிறேன். தலைவி தலையைக் குனியக் கூடாது என்று தோழியர் தடுக்கிறார்கள். உன்னைப் போல் இன்னும் எத்தனை பேர் மாத்திரையை உடைத்தார்களோ, குனிந்தே தீருவேன். நீ தனியே குளிக்காதே, கதவைத் தாழிடாதே, வண்டி ஓட்டாதே, வேளைக்கு உறங்கு. தாயும் சேயும் இரண்டு உயிராய் நலமே பிரிந்து நெடிது வாழ்க.

இனி என் சொல்லை நம்பாதே, மருத்துவரைக் கேள். நீயாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டா, நீயாகக் கூட்டவும் வேண்டா. கடிதத்தைக் கீழே வை, கைப்பேசியை எடு, மூன்று வாரமாய்ப் பாதிதான் போட்டேன், திராட்சை விதைப் பொடி குடித்தேன், பாத்திரம் கழுவும்போது நினைவு தப்பியது என்ற மூன்றையும் மறைக்காமல் சொல். இப்போதே சொல்.

உன் அம்மா