தளும்ப ஊற்றிய கிண்ணம்

நாரின், செப்டம்பர் பத்து

அன்பு மகன் ஜொமார்ட்டுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் சித்தப்பா வீட்டாரும் ஆடுமாடுகளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மாஸ்கோவில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் இரு கையையும் ஏந்தி முகத்தில் தடவிக்கொள்கிறேன், உன்மேல் கோபமாக இருக்கிற நாளிலும் அதை விட்டதில்லை. போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அதையும் எவனாவது பதிவு பண்ணிவைத்து, கொட்டடித்து ஆடுவான், அதனால்தான். தெமிர்குலின் மனைவி அங்கே வர விமானம் ஏறுகிறாள், அவளிடம் இதையும் உலர்தயிர் உருண்டை ஒரு பையும் கொடுத்தனுப்புகிறேன். உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று, வைக்கோல் ஏற்றியாயிற்று, சிவப்புப் பசு சினையாக இருக்கிறது, மாட்டுக்கொட்டகைக் கூரைதான் ஒரு மூலையில் ஒழுகுகிறது.

இனி அந்தப் பாட்டுக்கு வருகிறேன். மே மாதத்திலிருந்து மினிபஸ்ஸில் ஏறினால் அது, சந்தைக்குப் போனால் அது, தபால் ஆபீஸ் பெண்ணின் போன் அடித்தாலும் அது. கொட்டுச் சத்தத்தில் எனக்கு வார்த்தை பிடிபடவில்லை, ராகம் மட்டும் தெரிந்த ராகமாக இருந்தது. நம் பெண்கள் ஒப்பாரியில் இழுக்கிற இழுப்பு எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கிழங்குக்குக் களை எடுக்கும்போது நானும் அதை முணுமுணுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவலாம் போல் இருக்கிறது.

ஜூலையில் பக்கத்து வீட்டு ஸைராவின் மகனுக்குக் கல்யாணம். புருஷன் போய் வருஷம் முடியாமல் கறுப்புத் துணி கட்டினவள் கூடத்துக்குள் போகக்கூடாது என்று நான் பின்பக்கம் வெந்நீர் கொதிக்கிற சமோவார் அருகில் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அந்தப் பாட்டு முழுசாக ஓடியது. ஒரு பெண் காதலனைத் துரத்துகிறாளாம், கிண்ணம் தளும்ப ஊற்றி நீட்டுகிறாளாம், நம் ஊரில் தளும்ப ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும், அதனால் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. விருந்து நடத்துகிறவன் மைக்கில், “ஊத்துங்கடா, தளும்பத் தளும்ப ஊத்துங்க! இன்னைக்கு எவனும் வீட்டுக்குப் போகக்கூடாது!” என்று கத்துகிறான், கிழவர்கள்கூட வோட்கா கிண்ணத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு இடுப்பை ஆட்டுகிறார்கள். அப்போது நடுவில் கொட்டு நின்று அந்தக் குரல் மட்டும் வந்தது. “நிறைய ஊற்றினேனே, எழுந்து போனீரே.” அதற்குப் பின் ஒரு இருமல். வறண்ட, சின்ன இருமல். அது என் இருமல் ஜொமார்ட். உன் அப்பா போன இரண்டாம் நாள் சாயங்காலம், ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டிப்போய் நான் இருமிய இருமல். குரலைச் சுருக்கிச் சின்னப் பெண் குரலாக்கியவர்கள் இருமலை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அந்த இருமல் வந்ததும் கூடமே சேர்ந்து இருமியது, அது ஆட்டத்தில் ஒரு அங்கமாம். ஸைரா ஓடிவந்து, “எப்படிப் பாடுறா பாரு புருல், தேன் மாதிரிக் குரல்!” என்றாள். நான் சமோவாரின் குழாயை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வரி என்ன என்று உனக்கு முழுசாகத் தெரியாது, இன்று சொல்கிறேன். அன்று காலையில் மாவு பிசைந்த கையோடு, கன்று கத்துகிற அவசரத்தில், உன் அப்பாவுக்குக் கிண்ணம் நிறைய ஊற்றி வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை, எப்போதும் அரைக் கிண்ணம்தான், தீர்ந்தால் மறுபடி அரை. அவர் பார்த்துச் சிரித்து, “என்னடி, என்னைக் கிளப்பி விடுறியா?” என்று சொல்லிவிட்டுக் குடிக்காமலே எழுந்து பெண்குதிரையைப் பார்க்கப் போனார். கொட்டகை வாசலிலேயே விழுந்துவிட்டார், அங்கேயே உயிர் போய்விட்டது. இதை நான் மனிதர் யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் கிடத்தியிருந்த கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரியில் அவரிடம் சொன்னேன், அங்கே சொன்னது அங்கேயே இருக்கும் என்று நம்பித்தான் சொன்னேன். இன்று அதைக் குழந்தைப் பள்ளிக்கூடத்தில் காகிதக் கிண்ணம் பிடித்து ஆடவிடுகிறார்கள், சித்தப்பாவின் பேத்தி எனக்கே ஆடிக் காட்டினாள், அந்த இருமலோடு. தேயிலைப் பொட்டலத்தில்கூட அந்த வரியை அச்சடித்துவிட்டார்கள். அந்தத் தேயிலை இந்த வீட்டுக்குள் வராது.

என் ஒப்பாரியை யார் போனில் பிடித்தது என்று தேட நான் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. சித்தப்பா மகள் நாஸ்குலைக் கூப்பிட்டுக் கேட்டதும் அழுதுவிட்டாள். “பெரியம்மா, அண்ணன்தான் கேட்டான், வரமுடியலையே, அம்மா அழுறதையாவது கேக்கணும்னு தேம்பினான், அவனுக்கு மட்டுந்தான் அனுப்பினேன்” என்றாள். அதுவரைக்கும் உன்மேல் தப்பில்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில் மாட்டிக்கொண்டதற்கு நான் உன்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை, அம்மா அழுவதைக் கேட்டு நீ அழுதாய் என்றால் அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அதை உன் அறைத்தோழன் தாயிரிடம் எப்படிக் கொடுத்தாய்? போனில் நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? “தாயிர்தாம்மா எடுத்துக் கொட்டுச் சேத்துப் பாட்டாப் போட்டான், உங்க குரல உலகமே கொண்டாடுது, பேரு யாருக்கும் தெரியாது” என்றாய். உலகம் கொண்டாடினால் எனக்கு என்ன? கொண்டாடுகிற ஒவ்வொருவனும் என் வீட்டுப் பிணத்தின்மேல் செருப்போடு நடக்கிறான். அன்று உன்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருந்தது. பெற்றவள் எழுதக்கூடாத சொல், ஆனால் இருந்ததைத்தான் எழுதுகிறேன்.

பேர் தெரியாது என்றாயே, இப்போது தெரியும். நாஸ்குல் அழுததைச் சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ கேட்டிருக்கிறார்கள். போன வாரம் ஸைரா வந்து கண்ணைச் சிமிட்டி, “ஆண்டு விருந்துல அதையேதான பாடப்போற? என் மருமக போன்ல பிடிக்கணும்னு இப்பவே சொல்லிட்டா” என்கிறாள். சாணி அள்ளிய கூடையை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன், விருந்து முடியட்டும் என்று விட்டேன்.

அக்டோபர் இரண்டாம் வாரம் உன் அப்பா போய் வருஷம் முடிகிறது. கூடாரம் போடுவோம், சித்தப்பா பெண்குதிரையை அறுக்கிறார், நான் கடைசியாக ஒருமுறை ஒப்பாரி வைத்துவிட்டுக் கறுப்பை அவிழ்க்கவேண்டும். என்னால் முடியாது மகனே. வாயைத் திறந்தால் முதுகுக்குப் பின்னால் போன்கள் நீளும் என்று தெரிந்தபின் எந்த வார்த்தை வரும்? உன் அப்பாவை அழாமல் அனுப்பவும் மனம் வரவில்லை. ஆகையால் நீ வா. முதலாளியின் காலைப் பிடித்தாவது பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வா. மகன் செய்யவேண்டியதை நீ இன்னும் செய்யவில்லை. இடுப்பில் கச்சை கட்டி, கம்பை ஊன்றி, கூடாரத்து வாசலில் நின்று, வருகிறவர்கள் முன்னால் என் அப்பனே என்று தொண்டை கிழியக் கத்தி அழு. என் குரலைத்தான் ஊரெல்லாம் கேட்டாயிற்று, உன் குரலை அவர் இன்னும் கேட்கவில்லை. நீ வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் ஒரு போனும் உள்ளே வராது, அப்போது நானும் ஒருவேளை அழுவேன்.

குளிருக்குக் கனமான கோட்டு கொண்டு வா, இங்கே மலையில் இப்போதே பனி விழுந்துவிட்டது. தாயிரைக் கூட்டி வராதே. உன் வழி வெள்ளையாக, தடையில்லாமல் இருக்கட்டும், காலில் முள் தைக்காமல் வீடு வந்து சேர். பயப்படாமல் வா. உனக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவேன்.

உன் அம்மா,
புருல்