ஆறு வருஷம் ஆறிய மரம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? என் அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

இங்கே சூயிங்கம் செய்ய மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறோம் அல்லவா? ஒருமுறை கீறிய மரத்தை, காயம் ஆற, ஆறு வருஷம் தொடக்கூடாது. நேற்று மேஸ்திரி ஒரு மரத்தில் ஏறச் சொன்னார். "இது நான் வந்தவுடனே கீறுன மரம்ணே. இப்பத்தானே கீறுனேன்! பாவம், விடுங்க" என்று மல்லுக்கு நின்றேன். அவர் பாசியைத் துடைத்து, அடிமரத்தில் நானே பெயிண்டால் எழுதிய வருஷத்தைக் காட்டினார்.

"விரல் விட்டு எண்ணிப் பாருப்பா."

ஆறு முடிந்திருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஏறிப் பார்த்தேன், தழும்பு நன்றாகக் கூடியிருந்தது.

போன வாரம் பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கினேன். கடைக்காரர் வயசு கேட்டதும், நான் கிளம்பியபோது இருந்த மூன்றையே சொல்லித் தொலைத்தேன். அதைக் கொடுத்துப் பெரிதாக மாற்ற வேண்டும். நீ அவளைச் சுவரோரம் நிற்கவைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை நூல் பிடித்து, வெட்டி அனுப்பு. எத்தனை அடி என்று எழுதினால் போதாது. நூலைக் கட்டிலில் என் பக்கத்தில் நீட்டிப் பார்க்க வேண்டும்.

பால் காய்ச்சக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். நூலைச் சுருக்கிப் பிடித்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்