குவைத்துக்கு எத்தனை மணித்தியாலம்

வியாழன், இரவு.

இன்று மாலை, பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு ராசாத்தி அக்கா, பொகவந்தலாவையில் நான் வேலை செய்யும் போன் கடைக்கு வந்தார். திங்கட்கிழமை குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன மகள் இன்னும் பேசவில்லையாம்.

"ஏம்புள்ள, பிளேன் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? போன்ல பாத்துச் சொல்லு."

பார்த்தேன். கொழும்பிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டர். ஆறு மணித்தியாலம் போதும். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வேறொன்றைச் சொன்னது.

"நடுவுல எறங்கி ஏறணும்கா. நாலு நாளுகூட ஆகும்."

"அப்படியா? நாளைக்கு அட்டன் டவுனுக்குப் போயி, அவள அனுப்புன ஏஜென்சியில கேக்கலாம்னு இருந்தேன். இனி எதுக்கு?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

விடிந்ததும் தோட்டத்தில் அவர் இருக்கும் லயத்து வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். அட்டனுக்கு நானும் கூடப் போக வேண்டும். மூன்று நாளுக்குப் பிறகு இன்றுதான் அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.