கறிக்கு எடுத்த மீன்

தம்பி,

இன்று காலை மாரியூர்க் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைகிறது என்று, வேறு வேலையாகப் போன என்னையும் கூப்பிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். வலை கரையேறியதும் கிளம்பியவனைப் பெரியவர் ஒருவர் மறித்தார். கறிக்கு மீன் எடுக்காமல் போகிறீர்களே என்றார். எடுக்கலாமா என்று கேட்டேன்.

"இழுத்த கைக்கு உள்ளதுய்யா. கேட்டு வாங்குனா பிச்சையாயிரும்."

நாலு சாளை மீனை அவரே என் கையில் வைத்தார். அந்தக் கவிச்சி இன்னும் விரலைவிட்டுப் போகவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் இதே கரையில் வலை இழுத்துவிட்டு நீ எடுத்ததும் இவ்வளவுதான். வலையைக் குத்தகைக்கு எடுத்திருந்த வெளியூர் வியாபாரி, திருட்டு என்று போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டார். உனக்குப் பதினாலு வயது. நான் ராமநாதபுரத்துக்குப் புதிதாக வந்த நன்னடத்தை அதிகாரி. சுதந்திரம் வந்த பிறகு எல்லாம் விஞ்ஞானமாக நடக்கவேண்டும் என்று, பிள்ளைகளின் மனம் எவ்வளவு கெட்டிருக்கிறது என அளக்க மேலிடம் இருபது கேள்விகள் அனுப்பியிருந்தது. நான் போடும் குறியைப் பார்த்துத்தான் உன்னை அம்மாவிடம் விடுவதா, சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதா என்று கோர்ட்டு முடிவு செய்யும்.

பிறர் பொருளைக் கேட்காமல் எடுக்கலாமா என்றேன்.

"எடுக்கலாம்யா. கேக்கத்தான் கூடாது."

கூசாமல் சொல்கிறானே என்று எனக்குக் கோபம். நான் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அடுத்தவன் வயலில் ஒரு கதிரை ஒடித்தாலும் எங்கள் ஊரில் கட்டிவைத்து அடிப்பார்கள். ஏன் என்று உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தாளில் அந்தக் கேள்வி இல்லை, எனக்கும் தோன்றவில்லை. படித்த முட்டாள். திருந்தாத மனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அங்கே நீ எட்டு மாதம்தான் இருந்தாய். காய்ச்சல் என்று ஒரு கடிதம் வந்தது. அடுத்த கடிதத்தில் நீ இல்லை. உன் அம்மாவிடம் சொல்லப் போனவனும் நான்தான். அழுது முடித்து அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அங்கன எம்பிள்ளைக்கு மீனு குடுத்தாகளாய்யா?"

எனக்குத் தெரியவில்லை, தம்பி. இன்றைக்கும் அந்த நாலு மீனோடு உங்கள் வீட்டுப் பக்கம் வரை போனேன். வாசலை மிதிக்கக் கால் வரவில்லை.

உன் தாளின் நகல் என்னிடம்தான் இருக்கிறது. அதிகாரிகளை நம்புகிறாயா என்பது கடைசிக் கேள்வி. "ஒங்கள நம்புறேன்யா" என்றாய். அதற்கு மட்டும் சரி என்று குறி போட்டிருக்கிறேன். இருபதில் நீ தப்பாகச் சொன்னது அது ஒன்றுதான்.