ஆமத்தூர் மேடையில் நான் காட்டிய சான்று

நண்பா,

இன்று சாத்தூர்ப் பேருந்தில் என் அருகே அமர்ந்தவரின் சட்டையில் வெடிமருந்து மணந்தது. கழுவியும் போகாத அலுமினியத் தூள் விரலிடுக்குகளில் மின்னியது. மருந்து கலக்குபவர் என்று கேளாமலே அறிந்தேன். இறங்கும்வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஆமத்தூரில் நான் முழங்கிய மாலையை நீ மறந்திருக்க மாட்டாய். சாதி கடந்து மணந்தோரை விலங்குகளின் கலப்போடு ஒப்பிட்டு எவனோ இழித்துரைத்திருந்தான். விடையளிக்க எழுந்தேன். "குதிரையும் கழுதையும் கூடினால் பிறப்பது கோவேறு கழுதை, அதற்கு வழித்தோன்றல் இல்லை. மனிதனுக்கு வாலில்லாக் குரங்கு நெருங்கிய உறவுதான். ஆயினும் இரண்டும் கலந்து ஓருயிர் பிறந்ததற்கு எங்கும் சான்றில்லை. சாதிகள் கலந்தாலோ பிள்ளை பிறக்கிறது. அப்பிள்ளைக்கும் பிள்ளை பிறக்கிறது. நாம் ஓரினம் என்பதற்கு அதுவே சான்று" என்றேன். அத்தோடு நின்றேனா? கூட்டத்தில் இருந்த உன்னையும் உன் மனைவியையும் எழுந்து நிற்கச் சொல்லி, "இதோ, சாதியை மிதித்து வென்ற இணை" என்று சுட்டினேன். உங்களுக்கு மணமாகி ஒன்பது ஆண்டுகள், பிள்ளை இல்லை. கைதட்டலின் நடுவே அது என் நினைவில் இல்லை.

மறுநாளே நீ வேலை பார்த்த பட்டாசு ஆலையில் தொடங்கிவிட்டார்கள். "ஏலே, ஒங்க பேச்சாளர் கணக்குப்படி நீ குதிரையா, கழுதையாலே?" சிரித்துக்கொண்டே இதை என்னிடம் சொன்னாய். பிறகு சிரிப்பை நிறுத்தினாய்.

"என்னையக் கேட்டாப் பரவால்லலே. தண்ணி பிடிக்கப் போன எடத்துல அவகிட்டயும் கேட்டிருக்காளுக. அடுத்த கூட்டத்துல ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு. ஒரே சாதியில கட்டுனவுகளுக்கும் பிள்ளை இல்லாம இருக்கும், அம்புட்டுத்தான்னு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. முழக்கத்தின் நடுவே அத்தொடர் தொய்வாக ஒலிக்கும் என்று எண்ணினேன். வேறு காரணம் எதுவுமில்லை. மூன்று கூட்டங்கள் கடந்தன. கோவேறு கழுதைக்கு ஒவ்வோர் ஊரிலும் கைதட்டல் கிடைத்தது. நான்காவது கூட்டத்துக்கு முன், நீ மருந்து கலக்கிக்கொண்டிருந்த அறை வெடித்துத் தரைமட்டமாயிற்று.

கொள்ளி வைக்க உன் அண்ணன் மகன் வரவில்லை. உன் மனைவியே கொள்ளிச்சட்டியை ஏந்தி நடந்தாள். "ஒரு பிள்ளை இருந்தா இவளுக்கு இந்தக் கதி வருமா?" என்றார் எனக்குப் பின்னால் ஒருவர். ஊரை அதிரவைக்கும் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

பதினாறாம் நாள் அவளிடம் சென்றேன். இரங்கல் கூட்டம் நடத்தி, நீ கேட்டதை அங்கே சொல்வதாகக் கூறினேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"வேண்டாம்ணே. அவுக கேட்டப்பச் சொல்லிருக்கணும். இனிமே யாருக்குச் சொல்லப் போறீக?"

ஆயினும் நீ கேட்டதை எல்லா ஊர்களிலும் சொல்கிறேன், நண்பா. எவரையும் எழுந்து நிற்கச் செய்வதில்லை. சொல்லப்போவது மெய்யேயானாலும், சொல்லுமுன் அது யார் தலையில் விழும் என்று ஒரு நொடி பேச்சை நிறுத்திவிடுகிறேன். எனக்கு வயதாகிவிட்டது என்று கூட்டம் எண்ணிக்கொள்கிறது.